ஓசூர் எல்லைப் பகுதியில் கொள்ளைநோயும் பொதுச் சுகாதாரமும் (1898–1939)

முன்னுரை

சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார வரலாறு பெரும்பாலும் தலைநகரை நடுவாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. நகராட்சி, குடிநீர்த் திட்டம், கழிவுநீர்க் கால்வாய், மருத்துவமனை என்பனவற்றின் வளர்ச்சியை ஆண்டு வரிசையில் கூறுவதோடு அவ்வரலாறு நிறைவெய்துகிறது. மாகாணத்தின் விளிம்பில் இருந்த சிற்றூர்களுக்கும் சந்தைப் பட்டினங்களுக்கும் அதில் இடமில்லை. ஆயினும் கொள்ளைநோய் மாகாணத்திற்குள் நுழைந்த வழிகளுள் முதன்மையானது அவ்விளிம்பே ஆகும். ஆதலின் விளிம்பிலிருந்து நோக்கும்போது அவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகிறது.

இக்கட்டுரை, பழைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையிலிருந்த ஓசூர் வட்டத்தையும் அதனை அடுத்த கிருஷ்ணகிரிப் பகுதியையும் எடுத்துக்கொண்டு, 1898-ஆம் ஆண்டிற்குப் பின் பிளேக் நோயை எதிர்கொண்ட முறைகளை ஆராய்கின்றது. அரசு எல்லையில் மனிதரைத் தடுத்தது. நோயோ எலியோடும் தானியத்தோடும் எல்லையைக் கடந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலிருந்த வேறுபாடே அக்காலச் சுகாதார முயற்சிகளின் குறைபாட்டிற்கு அடிப்படை என்பதும், அக்குறையை ஈடுசெய்திருக்க வேண்டிய உள்ளாட்சி அமைப்பு எல்லைப்புற ஊர்களில் மிக மெலிந்திருந்தது என்பதும் இங்கு நிறுவப்படும்.

நிலமும் ஆட்சியும்

பழைய சேலம் மாவட்டம் இயற்கையால் மூன்று படிகளாக அமைந்தது. தென்பாலுள்ள தாழ்நிலம் தலகாட்டு எனவும், கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய ஊர்கள் அடங்கிய நடுநிலம் பாராமகால் எனவும், ஓசூரை உள்ளிட்ட மேட்டுநிலம் பாலகாட்டு எனவும் வழங்கப்பெற்றன. 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுநிலமோ 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே அவர்களை அடைந்தது. ஆகவே ஓசூர், ஆட்சியால் சென்னை மாகாணத்தையும் நிலத்தால் மைசூர்ப் பீடபூமியையும் சார்ந்ததாயிற்று. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூரிலிருந்து பெங்களூர் 25 மைல் தொலைவே. சேலத்திற்கோ மலைக் கணவாய் இறங்கி அதனினும் பன்மடங்கு தொலைவு செல்லல் வேண்டும்.

மொழியாலும் இவ்வட்டம் கலப்புடையது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே சந்தையில் ஒலித்தன. கேழ்வரகு இங்கு முதன்மை உணவு. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், பாகலூர், சூளகிரி ஆகிய ஊர்களின் விளைபொருள்களுக்கு அணித்தாயிருந்த பெருஞ்சந்தை பெங்களூரே. அத்தகைய நிலத்தின் ஊடேதான் இரு ஆட்சிகளைப் பிரிக்கும் கோடு சென்றது.

உண்மையில் ஆட்சிகள் இரண்டல்ல, மூன்று. 1881-இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி அளிக்கப்பட்டபோது, பெங்களூரின் படைவீட்டுப் பகுதி பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நேர் ஆட்சியில் நிறுத்திக்கொள்ளப்பட்டது. அது 1947 வரை அவ்வாறே இருந்தது. பெங்களூர் நகரம் மைசூர் அரசிற்கும், அதனோடு ஒட்டிய படைவீடு ரெசிடெண்டிற்கும், 25 மைலுக்கு அப்பாலுள்ள ஓசூர் சென்னை அரசிற்கும் உரியவை. ஒரே நோயை மூன்று அலுவலகங்கள் தத்தம் விதிகளின்படி எதிர்கொண்ட நிலைமை இதனால் தோன்றியது.

இப்பகுதி மக்கள் அழிவை அறியாதவர் அல்லர். 1876–78 பஞ்சத்திற்கு முன் 1871-இல் ஏறத்தாழ 19.67 இலட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. பசியால் மாண்டோருடன் பஞ்சத்தைத் தொடர்ந்து வந்த வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோரும், ஊரைவிட்டு அகன்றோரும் இக்குறைவில் அடங்குவர். அப்பஞ்சத்தைக் கண்ட தலைமுறை முதுமை எய்திய காலத்தில்தான் பிளேக் வந்தது.

பெங்களூரில் பிளேக்

பிளேக் 1896-ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றியது. அந்நோயின் நுண்ணுயிரியை 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் கண்டறிந்திருந்தார். எனினும் அது மனிதரை எவ்வழியில் வந்தடைகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1897-இல் இந்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றி, வீடுகளைச் சோதித்தல், நோயாளரைப் பிரித்துவைத்தல், பயணிகளை நிறுத்திப் பார்வையிடுதல் ஆகியவற்றிற்குப் பரந்த அதிகாரம் வழங்கியது. அதே ஆண்டில் பம்பாயில் ஹாஃப்கின் தாம் ஆக்கிய தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார்.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து இருப்புப்பாதை வழியாக நோய் பெங்களூரை அடைந்தது. படைவீட்டுப் பகுதியும் பழைய பேட்டையும் ஒருங்கே தாக்குண்டன. வி. பி. மாதவராவ் மைசூர் அரசின் பிளேக் ஆணையராக அமர்த்தப்பட்டார். அவர் பின்னாளில் அவ்வரசின் திவானாகவும் விளங்கியவர். நெருக்கமும் இருளும் மிக்க தெருக்களில் நோய் தங்குவதைக் கண்ட அரசு, முன்னரே திட்டமிட்டிருந்த பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய விரிவுப் பகுதிகளில் மக்களைக் குடியேற்றுவதில் ஊக்கங் காட்டியது. படைவீட்டுப் பகுதியிலும் நெருக்கத்தைத் தணிக்க ஃபிரேசர் டவுன் என்னும் பகுதி 1906-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. அகன்ற தெருக்களும், வீடுகளின் பின்புறம் துப்புரவுப் பணிக்கென விடப்பட்ட சந்துகளும் இந்நோய்க்காலச் சிந்தனையின் எச்சங்களாகும்.

நோயினும் நோய்த்தடுப்பு நடவடிக்கைகளே மக்களை மிகுதியாக அச்சுறுத்தின என்பதும் கருதத்தக்கது. 1897-இல் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டு கொல்லப்பட்டார். 1898-இல் சீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் கலகம் மூண்டது. வீட்டிற்குள் அயலார் புகுதலும், பெண்டிரின் உடலைச் சோதித்தலும், நோயாளரை உறவினரிடமிருந்து பிரித்தலும் மக்களால் தாங்கவொண்ணாதன ஆயின. நோயை மறைத்தலும் பிணத்தை இரவில் அடக்குதலும் இதன் விளைவுகள். வலியுறுத்தலால் பயன் குறைவு என்பதைப் பட்டறிவால் உணர்ந்த அரசுகள், அடுத்த சில ஆண்டுகளிலேயே கடுமையைத் தளர்த்தின.

எல்லைக் காவலும் பயணச் சீட்டும்

மைசூர் எல்லையை ஒட்டிய மாவட்டங்கள் வழியே பிளேக் தன்னிடம் வரும் என்று சென்னை அரசு எதிர்பார்த்தது, அவ்வாறே வந்தது. பல்லாரி, சேலம், வடஆர்க்காடு, கோயம்புத்தூர் ஆகிய எல்லைப்புற மாவட்டங்கள் தஞ்சை, திருநெல்வேலி போன்றவற்றைவிட மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங்கின் காலத்தில் இங்குக் கையாளப்பட்ட முறை, பிற மாகாணங்களினின்றும் ஓரளவு வேறுபட்டது. நோயுள்ள இடங்களிலிருந்து வரும் பயணிகள் யாவரையும் முகாம்களில் அடைத்துவைத்தல் இயலாது என்பதால், அவர்களுக்குப் பிளேக் பயணச் சீட்டு ஒன்று அளிக்கப்பட்டது. சீட்டைப் பெற்றவர் தாம் சென்று தங்கும் இடத்தைத் தெரிவித்து, பத்து நாள் வரை அவ்வூர் அலுவலர்முன் நாள்தோறும் தோன்றித் தம் நலத்தைக் காட்டுதல் வேண்டும்.

இம்முறையின் திறவுகோல் ஜோலார்ப்பேட்டை ஆகும். 1864-இல் பெங்களூர்க் கிளைப்பாதை திறக்கப்பட்டது முதல், பெங்களூரிலிருந்து சென்னைக்கு வருவோர் அனைவரும் அச்சந்திப்பைக் கடந்தே வந்தனர். பின்னர் 1911-இல் வடஆர்க்காட்டுடன் இணைக்கப்பட்ட திருப்பத்தூர் வட்டம் அப்போது சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. வண்டியிலிருந்து பயணிகளை இறக்கி, வரிசையில் நிறுத்தி, நாடியையும் நெறிகட்டையும் பார்த்துச் சீட்டு வழங்கும் பணி அங்கு நடைபெற்றது. ஒரே வாயில் உள்ள கோட்டைக்குக் காவல் எளிது என்பது போல, ஒரே இருப்புப்பாதை உள்ள வழிக்கு இம்முறை ஏற்றதாயிற்று.

ஓசூருக்கோ அத்தகைய வாயில் இல்லை. 1898-இல் அவ்வூருக்கு இருப்புப்பாதையே கிடையாது. மொரப்பூர்–தருமபுரிக் குறும்பாதை 1906-இல் திறக்கப்பட்டு 1913-இல்தான் ஓசூர்வரை நீட்டப்பட்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1905-இல் வந்தது. பஞ்சக் காப்பிற்கென இடப்பட்ட இவ்விரு பாதைகளும் 1941-இல் கைவிடப்பட்டன. எனவே பிளேக் வந்த காலத்தில் ஓசூர் எல்லையைக் கடந்தோர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கடந்தனர். நெடுஞ்சாலையில் காவல் இருப்பின் வரப்பு வழியே செல்லலாம். ஓர் ஊரின் நிலமே இரு ஆட்சிக்கும் பரந்திருக்கலாம். மகளைக் கொடுத்த வீடு அப்பாலும் பெற்ற வீடு இப்பாலும் இருக்கலாம். நாள்தோறும் எல்லையைக் கடந்து வாழ்வோர்க்குப் பத்து நாள் கண்காணிப்பு என்பது பொருளற்றது. பத்தாம் நாள் முடியுமுன் அவர் பத்து முறை கடந்திருப்பார்.

எலியும் தானியமும்

எல்லைக் காவலின் தோல்விக்கு இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. நோயைச் சுமந்து வந்தவர் மனிதர் மட்டும் அல்லர்.

1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது எனச் சோதனையால் காட்டினார். அதே காலத்தில் அமைக்கப்பட்ட இந்தியப் பிளேக் ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1905-இல் தொடங்கிய பம்பாய் ஆய்வுகளே அவ்வுண்மையை ஐயமற நிறுவின. எலி நோயால் மாண்டதும் அதன் உடல் குளிர்கிறது; தெள்ளு வேறு உடலை நாடி வெளியேறுகிறது; வேறு எலி கிட்டாதபோது மனிதனைக் கடிக்கிறது. 1914-இல் பேக்காட், மார்ட்டின் ஆகிய இருவரும் இதன் நுட்பத்தை விளக்கினர். நுண்ணுயிரிகள் பெருகித் தெள்ளின் முன்னிரைப்பையை அடைத்துவிடுவதால், உறிஞ்சிய குருதி உள்ளே செல்லாமல் நோயணுக்களோடு திரும்பக் கடிவாயில் பாய்கிறது. பசி தீராத அத்தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது.

இவ்வுண்மையின் ஒளியில் ஓசூரின் நிலை தெளிவாகின்றது. தெள்ளு எலியோடு மட்டுமன்றித் தானிய மூட்டையிலும் கோணிப்பையிலும் தங்கி நெடுந்தொலைவு செல்லவல்லது. பெங்களூர்ச் சந்தையிலிருந்து திரும்பும் வண்டியில் வண்டிக்காரனை நிறுத்தி நாடி பார்த்த அலுவலர், அவன் அமர்ந்திருந்த மூட்டையைப் பார்க்கவில்லை. நோயற்ற வண்டிக்காரன் சீட்டுப் பெற்றுச் சென்றான். மூட்டை சீட்டின்றியே சென்றது. இஃது அலுவலரின் குற்றமன்று. அக்கால அறிவு அவ்வளவே.

வீட்டமைப்பும் நோய்க்குத் துணைநின்றது. மண்சுவரும் கூரைவேய்வும் உடைய வீட்டில் எலிவளைக்குத் தடையில்லை. கேழ்வரகை வீட்டினுள் குதிரிலும், நிலத்தடிக் குழிகளிலும் பல்லாண்டு சேமித்துவைத்தல் மைசூர் மேட்டுநிலத்தின் தொன்று தொட்ட வழக்கம். பஞ்சத்தை எதிர்நோக்கி வாழ்ந்த குடிகளுக்கு அச்சேமிப்பே உயிர்க்காப்பு. எனவே தானியத்தை வீட்டினின்று அகற்றுமாறு கூறுவது, ஒரு சாவிலிருந்து தப்ப மற்றொரு சாவை ஏற்குமாறு கூறுவதாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

பிளேக் மாகாணம் முழுவதும் ஒரே அளவில் பரவாமைக்குக் காரணம் யாது என்னும் வினாவும் அக்காலத்தே எழுந்தது. 1907-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவில் 13 இலட்சம் பேர் வரை பிளேக்கால் மாண்டனர். பஞ்சாபும் பம்பாயும் பேரழிவுற்றபோது, சென்னை நகரம் பெருந்துறைமுகமாக இருந்தும் ஒப்பளவில் தப்பியது. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் நுண்ணுயிரியலார் இதற்கு விடை கண்டார். எலித்தெள்ளில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் உள. அவற்றுள் கியோப்பிஸ் என்பது நோயைக் கடத்துவதில் வல்லது. ஆஸ்டியா என்பது அவ்வளவு வல்லதன்று. சென்னையிலும் கொழும்பிலும் ஆஸ்டியாவே மிகுதி. கொழும்பில் 1914-இல் பிளேக் தோன்றியபோது, வெளிநாட்டுத் தானியம் இறங்கும் புறக்கோட்டைச் சார்ந்த பகுதியில்தான் கியோப்பிஸ் இனம் குடிகொண்டிருந்தது. பின்னர்க் கிராக் என்பார் 1920-களில் இந்தியா முழுவதிலும் தெள்ளினங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். வடநாட்டிலும் தக்காண மேட்டுநிலத்திலும் கியோப்பிஸ் மிகுதி என்பதையும், தென்கிழக்குத் தாழ்நிலத்தில் ஆஸ்டியா மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டியது. வெப்பமும் வறட்சியும் மிக்க இடத்தில் தெள்ளு நெடுநாள் உயிர்வாழாது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஓசூர் அம்மேட்டுநிலத்தின் ஒரு பகுதி. தட்பமும் மிதமான ஈரமும் உடையது. ஆகவே நோய்க்குரிய எல்லை மைசூருக்கும் சென்னைக்கும் இடையே நடப்பட்ட எல்லைக்கல்லில் இல்லை. அது ஓசூர் மேட்டுநிலம் முடிந்து பாராமகாலுக்கு இறங்கும் மலைச்சரிவை ஒட்டியே இருந்திருத்தல் வேண்டும். ஆட்சி வரைந்த எல்லைக்கும் நோய்க்குரிய எல்லைக்கும் இடைப்பட்ட நிலமே ஓசூர் வட்டம். சென்னையின் காவற்கோட்டிற்கு உள்ளும் பெங்களூரின் நோய்வெளிக்கு உள்ளும் ஒருங்கே அகப்பட்டதே இவ்வட்டத்தின் இடர்.

ஊர் நீங்கலும் மக்கள் வழக்கும்

அறிஞர் எலியையும் தெள்ளையும் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோதே, எலி வீழ்ந்தால் ஊரைவிட்டு நீங்க வேண்டும் என்பதைப் பிளேக் கண்ட ஊர்மக்கள் அறிந்திருந்தனர். வீட்டு மோட்டிலிருந்து எலி செத்து வீழக் கண்டதும், சட்டி பானைகளோடு வெளிநிலத்திற்குச் சென்று, ஓலையும் தட்டையும் கொண்டு குடிசை கட்டித் தங்குவர். சில கிழமைகள், சிலபோது சில திங்கள் கழித்து ஊர் திரும்புவர். பிளேக் பரவிய இடங்களில் எங்கும் காணப்பட்ட இவ்வழக்கம் மைசூர் மேட்டுநிலத்தில் பெருவழக்காயிற்று. அரசும் இதனையே மிகப் பயனுள்ள முறையாக ஏற்று ஊக்கியது. இன்றைய அறிவு கொண்டு நோக்கின், எலியையும் தெள்ளையும் வீட்டிலே விட்டு மனிதர் விலகுதல் நோய்ச் சங்கிலியை அறுப்பதே எனத் தெளியலாம்.

ஆயினும் ஊர் நீங்கல் அனைவர்க்கும் ஒருபடித்தானதன்று. நிலமுடையோர் தம் வயலில் குடிசை இடுவர். நிலமற்ற கூலிகளும் சேரிவாழ்நரும் பிறர் நிலத்தை எதிர்பார்த்தல் வேண்டும். அங்காடிக்காரர் சரக்கை விட்டுச் செல்ல அஞ்சுவர். அவ்வாறு தங்கியோரே நோய்க்கு முதலில் இரையாகக்கூடியவர்.

நோயைக் குறித்த தமிழ்ச் சொற்களும் இவ்விடத்து நோக்கத்தக்கன. 'கொள்ளை' என்னும் சொல் சூறையாடுதலையும், உயிரைத் திரளாகக் கவரும் நோயையும் குறிக்கும். கொள் என்னும் வினையடியிற் பிறந்த அச்சொல், நோயைப் படையெடுத்துவரும் பகையாகக் காண்கிறது. 'பெருவாரி' என்பது நோயின் பரப்பையும் மிகுதியையும் சுட்டுவது. 'மாரி' என்பதோ மழை, சாவு, அம்மைநோய், தெய்வம் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கியது; நோயைத் தருபவளும் தணிப்பவளும் அவளே. 'பிளேக்' என்னும் அயற்சொல் இம்மூன்றோடும் சேர்ந்து வழங்கலாயிற்று. புதிய நோய்க்குப் பழைய பெயர் முழுதும் பொருந்தாமையை மக்கள் உணர்ந்தனர் போலும். ஆனால் அச்சொல்லைத் தெய்வத்தோடு இணைக்க அவர்கள் தயங்கவில்லை. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இதற்குச் சான்று. இவற்றை அறியாமையின் அடையாளம் எனத் தள்ளுதல் முறையன்று. எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாத மக்களின் அச்சம் கல்லில் எஞ்சியுள்ள ஆவணம் அது.

நகராட்சியும் யூனியனும்

எல்லையில் தடுக்க இயலாத நோயை ஊருக்குள் தடுப்பதற்கு வேண்டியவை எவை? எலி புகாத தானியக் கிடங்கு, குப்பை அகற்றல், வீடுகளுக்கிடையே வெளி, தூய கிணறு, பயின்ற சுகாதார ஆய்வாளர் ஆகியவையே. இவை அனைத்தும் உள்ளாட்சியின் கடமைகள். அவ்வுள்ளாட்சியின் வலிமை ஊருக்கு ஊர் வேறுபட்டது.

சேலம் 1866-இலேயே நகராட்சியாயிற்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த சி. இராசகோபாலாச்சாரியார் அந்நகராட்சியின் தலைவராக 1917 முதல் 1919 வரை பணியாற்றினார். ஆனால் அவர் பிறந்த வட்டத்தின் தலைமையூருக்கு அக்காலத்தில் நகராட்சி இல்லை, கிருஷ்ணகிரிக்கும் இல்லை. 1884-ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தின. நகராட்சிச் சட்டத்திற்குட்பட்ட நகரங்கள் பலவகை வரிகளை விதித்துத் தமக்கென அலுவலரை அமர்த்திக்கொள்ளலாம். உள்ளாட்சிக் கழகச் சட்டத்திற்குட்பட்ட சிற்றூர்களோ யூனியன்களாகத் தொகுக்கப்பட்டு, வீட்டு வரியையே பெரிதும் நம்பித் தெருவிளக்கு, துப்புரவு, கிணறு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பிற வேண்டுமாயின் வட்டக் கழகத்தையும் மாவட்டக் கழகத்தையும் நோக்கி நிற்றல் வேண்டும்.

இதன் பொருள் வெளிப்படை. 25 மைல் தொலைவில் பெங்களூர் புதிய நகர்ப்பகுதிகளை அமைத்தது. அதே நோயால் அதே மேட்டுநிலத்தில் தாக்குண்ட சிற்றூர் ஓலைக்குடிசையில் தங்கிவிட்டுப் பழைய வீட்டிற்கே திரும்பியது. பெங்களூரில் நோய் நகரமைப்பை மாற்றியது. எல்லைக்கு இப்பால் நோய் மக்களை மட்டுமே இடம் மாற்றியது. வீடும் குதிரும் சந்தும் மாறாதவிடத்து நோய் மீண்டும் வருதல் வியப்பன்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஒருசாரார் அறிவுடையராகவும் மற்றொருசாரார் அறியாதவராகவும் இருந்தமை அன்று. வருவாயும் அதிகாரமும் எங்கே குவிந்திருந்தன என்பதே காரணம்.

படிப்படியே சில மாற்றங்கள் விளைந்தன. 1899-இல் கிண்டியில் தொடங்கப்பெற்றுப் பின் கிங் நிறுவனம் எனப் பெயர்பெற்ற அமைப்பு, அம்மைப்பாலும் பிற தடுப்பு மருந்துகளும் ஆக்கியது. 1920-இல் நகராட்சிக்கும் உள்ளாட்சிக் கழகங்களுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. சுகாதார ஆணையரின் பதவி 1920-களில் பொதுச் சுகாதார இயக்குநர் பதவியாக மாறி, மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர் அமர்த்தப்பெற்றனர். 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இத்துறையில் முழுமையான சட்டமாக இந்தியாவில் முதன்முதல் எழுந்தது இதுவே. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், வீட்டமைப்பு, உணவு ஆகியவை ஒரே சட்டத்துள் அடங்கின. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் நோய் வந்தபின் மனிதரைக் கட்டுப்படுத்துவது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் நோய் வாராதிருக்க இடத்தைச் செம்மைப்படுத்துவது. இந்நாற்பதாண்டு இடைவெளியே எல்லைப்புற மக்கள் கொடுத்த விலையின் அளவு எனலாம்.

பின்னைய நிலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ட்டி. தெளிப்பும், சல்ஃபா மருந்துகளும், ஸ்டிரெப்டோமைசினும் பிளேக்கின் வன்மையைக் குறைத்தன. எனினும் தமிழகம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கூடும் மூலையில் அந்நோய் நெடுங்காலம் ஒதுங்கி நின்றது. 1966-இல் கோலார் மாவட்டத்தில் நோயாளர் காணப்பட்டனர். அதன்பின் 1967 முதல் 1993 வரை இந்தியாவில் மனிதரிடையே பிளேக் பதிவாகவில்லை. 1994-இல் பீடு, சூரத்து ஆகிய இடங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. வயல்களிலும் கரம்புகளிலும் வளைதோண்டி வாழும் வெள்ளெலியிடையே நோயணு தங்கக்கூடும் என்பதால், இம்முக்கூட்டு எல்லை ஆய்வாளரின் கண்காணிப்பிற்கு உள்ளாயிற்று. பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களுக்கெனத் தமிழக அரசின் நிறுவனம் ஒன்று ஓசூரில் அமைந்திருப்பது தற்செயலன்று. இவ்வூரின் பிளேக் வரலாற்றோடு தொடர்புடையதே ஆகும்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூரின் உருவே மாறியது. கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாயிற்று; ஓசூர் 2019-இல் மாநகராட்சியாயிற்று. 2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது, அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் எடுத்தாளப்பட்டது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் மின்னணு அனுமதிச் சீட்டு இன்றி எவரும் கடத்தலாகாது என்னும் விதி வந்தது. ஒருபுறம் குடியிருந்து மறுபுறம் வேலைபார்த்த தொழிலாளர், 1898-இன் வண்டிக்காரனைப் போலவே, ஓர் எல்லையின் இருபுறத்திற்கும் தாம் உரியவர் என்பதை அலுவலர்க்கு மெய்ப்பிக்கும் நிலையில் நின்றனர். அந்நோய் மனிதர்வழியே பரவியதாதலின் அக்காவலுக்கு 1898-இன் காவலைவிட அறிவியல் அடிப்படை மிகுதி. ஆயினும் நாள்தோறும் எல்லை கடந்து வாழ்வோரை அதன் விதிகள் கணக்கிற்கொள்ளவில்லை என்னும் ஒப்புமை இருகாலத்திற்கும் உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று: ஓசூர்ப் பகுதியின் பிளேக் வரலாற்றைச் சென்னை மாகாண ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதுதல் இயலாது. மைசூர் அரசு, பெங்களூர்ப் படைவீடு, சேலம் மாவட்டம் ஆகிய மூன்றின் ஆவணங்களையும் இணைத்து, கன்னட, தெலுங்கு வழக்குகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டு: நோயின் பரவலை விளக்குவதில் ஆட்சி எல்லையைவிட நில அமைப்பும் தானிய வழியும் பெரும்பங்கு உடையன. மூன்று: கொள்ளைநோயில் காக்கப்பட்டோர்க்கும் கைவிடப்பட்டோர்க்கும் இடையிலிருந்த வேறுபாடு, பெரிதும் உள்ளாட்சியின் வருவாயைப் பொறுத்ததாக இருந்தது.

எல்லைப்புற ஊர்களின் நாட்டுப்புற வழக்காறுகள், கோயில் வரலாறுகள், கிராமக் கணக்குகள் ஆகியவற்றில் இந்நோயைப் பற்றிய செய்திகள் இன்னும் தொகுக்கப்பெறல் வேண்டும். எலி வீழக் கண்டு வெளிநிலத்தில் குடிசையிட்ட தலைமுறை மறைந்துவிட்டது. அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டறிந்தவற்றை நினைவுகூர வல்லோர் இப்போதும் சிலர் இருக்கலாம். இப்பணியைத் தமிழ்த் துறை ஆய்வு மாணவர் மேற்கொள்வரேல், மாகாணத்தின் விளிம்பில் வாழ்ந்து பதிவின்றி மறைந்தோர்க்கு வரலாற்றில் உரிய இடம் கிடைக்கும்.